கடைமடைக்கும் முறை வரட்டும்

மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் நம் பகுதியில் முறைப்பாசனம் வரும். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள், கல்லணைக் கால்வாய்க்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். தலைமடைக்காரர் முணுமுணுத்தாலும் கடைமடைக்கும் நீர் போக வேண்டும் என்பதை மறுப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் விஷயத்தில் மட்டும் இந்த நியாயம் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

எங்களுள் சிலர் கடலோரச் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அவர்களில் ஒருத்தி படித்தது ஈராசிரியர் பள்ளி. அவள் மூன்றாம் வகுப்பிலிருந்தபோது டீச்சர் ஒருவருக்கு நகரத்துக்கு மாறுதல் கிடைத்தது. அரையாண்டுத் தேர்வு வரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சர். வாய்ப்பாட்டை அந்த ஆண்டு கற்றதாகவே நினைவில்லை என்கிறாள். போன டீச்சரை நாங்கள் குறை கூறமாட்டோம். கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறி வந்தவர் அவர்.

குறை முறையில்தான் இருக்கிறது. கலந்தாய்வில் மூத்தவர் முதலில் இடம் தேர்ந்தெடுக்கிறார். தஞ்சையும் குடந்தையும் முதலில் நிரம்பும். வேதாரண்யத்துக்குத் தெற்கேயும், வெள்ளம் வந்தால் ஊரே கரையேற வேண்டிய நாதல்படுகை போன்ற கொள்ளிடத் திட்டுகளின் பக்கமும் போக யார் முன்வருவார்? போதாக்குறைக்கு, வீட்டு வாடகைப்படி நகரத்தில் அதிகம், கிராமத்தில் குறைவு. தொலைவுக்குப் போகிறவருக்குக் கஷ்டமும் அதிகம், சம்பளமும் குறைவு! ஜப்பானில் 1954-லேயே சட்டம் செய்து ஒதுக்குப்புறப் பள்ளி ஆசிரியருக்குத் தனிப்படி கொடுக்கிறார்கள். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாறுவதும் வழக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே மலைப்பகுதி ஒன்றியங்களுக்கு 'மலைச்சுழற்சி' என்ற மாறுதல் உண்டு. மலையிலிருப்பவர் கீழே இறங்கவும் கீழேயிருப்பவர் மேலே ஏறவும் அதில் வழி இருக்கிறது. மலைக்குப் பொருந்துவது கடைமடைக்குப் பொருந்தாதா?

பெண் ஆசிரியைகள் என்ன செய்வார்கள் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாளை எங்களில் பலர் அந்த வேலைக்குப் போகப் போகிறவர்கள் அல்லவா? எங்களுக்குத் தோன்றுவது இது: மூன்றாண்டு என்று கெடு வைத்து, திரும்பும் நாளையும் எழுதிக் கொடுத்தால் பலர் துணிந்து போவார்கள். கைக்குழந்தை உள்ளவருக்கும் நோயாளிக்கும் முறையைத் தள்ளிப் போடலாம். படியை நகரத்துக்குச் சமமாக்கி, தங்க ஒரு வீடும் தர வேண்டும். போகிறவரின் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கலாகாது. அடுத்தவர் வந்து சேர்ந்த பிறகே முன்னவரை விடுவிக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தால் எங்கள் தோழிக்கு அந்த அரையாண்டு போயிருக்காது.

நாங்கள் படிப்பது உதவி பெறும் பள்ளி. எங்கள் ஆசிரியைகளுக்கு இந்தக் கலந்தாய்வு இல்லை. சும்மா பேசுவது எளிது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் எங்கள் சிஸ்டர்கள் ஒரு கடிதம் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதை ஆண்டுதோறும் பார்த்துத்தான் வருகிறோம். அன்று நாங்கள் அழுவோம். ஜூன் மாதம் புது சிஸ்டர் வருவார். ஆடி பிறப்பதற்குள் எல்லோர் பெயரும் அவருக்குத் தெரிந்துவிடும்.