காசுக்கு மதிப்பெண் இடுவோர் கவனத்திற்கு

பழைய வெள்ளிக் காசு ஒன்று கைக்கு வந்ததும் எழுப்ப வேண்டிய வினாக்கள் இரண்டு. இது மெய்யானதா? இது எந்நிலையில் உள்ளது? முதல் வினா வரலாற்றைச் சார்ந்தது. இரண்டாவது தேய்மானத்தைச் சார்ந்தது. சந்தை இவ்விரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டது. நெகிழிப் பேழைக்குள் அடைபட்டு, நெற்றியில் 62 என்றோ 65 என்றோ எழுதப்பட்டு வரும் காசைக் கண்டு வாங்குவோர் மயங்குவதில் வியப்பில்லை. ஆய்வேடு எழுதும் மாணவரும் அவ்வெண்ணைச் சான்றாகக் கொள்வதும், அதை நெறியாளர் கேள்வியின்றி ஏற்பதுமே கவலைக்குரியன.

அவ்வெண்ணின் பிறப்பை அறிந்தோர் அதனிடம் இத்தனை பணிவு காட்டமாட்டார்கள். 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர். அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காகவே அது வகுக்கப்பட்டது. மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள காசின் விலை ஒரு பங்கு எனில், குறையற்றதன் விலை எழுபது பங்கு என்பதே அதன் அடிப்படை. விலைகள் மாறின, விகிதம் சிதைந்தது, எண் மட்டும் எஞ்சியது. விலைப்பட்டியலாகப் பிறந்த ஒன்றை, எந்திரம் காணாத காலத்து இந்திய வெள்ளிக் காசின்மீது ஏற்றி, அதற்கு அறிவியல் என்று பெயரிடுவது எவ்வகை நெறி?

1906ஆம் ஆண்டு நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த புதையலை நினைத்துப் பார்க்கலாம். 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அனைத்தும் சத்ரப மன்னன் நகபானன் வெளியிட்டவை. அவற்றுள் 9,000க்கும் மேற்பட்டவற்றின்மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மீண்டும் அடித்திருந்தான். நகபானனின் முகத்தின்மேல் சாதவாகனரின் மலைச் சின்னமும் உச்சயினிச் சின்னமும் ஏறி நிற்கின்றன. தோற்றவனின் பணத்தை வென்றவன் தன்வயமாக்கிய நிகழ்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அழகை அளக்கும் கண்ணுக்கோ அக்காசு சிதைந்த முகமும் குழம்பிய எழுத்தும் கொண்ட தாழ்தரப் பொருள். எண் குறையும் இடத்தில்தான் வரலாறு பேசுகிறது.

தேய்மானமும் அவ்வாறே. தட்சசீலத்தின் பிர் மேட்டுப் புதையல்களில் கிடைத்த முத்திரைக் காசுகளைக் கணிதவியலாளர் டி.டி. கோசம்பி ஒவ்வொன்றாக நிறுத்தார். பின்புற முத்திரைகளின் எண்ணிக்கை கூடக் கூடச் சராசரி எடை குறைவதைக் கண்டார். காசு எத்தனை காலம் கைமாறியது என்பதை அதன் தேய்வே சொல்லும் என நிறுவினார். தேய்ந்த காசைக் குறையுள்ளது என ஒதுக்கியிருந்தால் அவ்வாய்வே பிறந்திராது. அமிலத்திலும் புளியிலும் ஊறவைத்துப் பளபளப்பாக்குவோர் அழிப்பது அழுக்கை மட்டுமன்று. அந்த எடையையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

இனி, மெய்ம்மை குறித்து. எடை சரி, வெள்ளி சரி, ஆகவே காசு சரி என்னும் வாதம் எத்தனை நொய்யது என்பதற்கு 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாயே போதும். அது அரியது, விலை மிகுந்தது. 1938ஆம் ஆண்டு ரூபாயும் அதே 11.66 கிராம், அதே 91.7 விழுக்காடு வெள்ளி. அதன் 8ஐச் செதுக்கி 9 ஆக்கினால் தராசு ஏமாறும், ஒப்படர்த்திச் சோதனை ஏமாறும், ஊடுகதிர்க் கருவியும் ஏமாறும். உலோகம் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது ஓர் இலக்கம். உருப்பெருக்கியின்கீழ் அவ்விலக்கத்தின் வடிவையும், சுற்றியுள்ள தளத்தின் கீறல்களையும், ஐயமற்ற காசு ஒன்றின் அச்சோடு ஒப்பிடுவதே வழி. பழங்காசுகளில் சிக்கல் வேறு. மண்ணில் கிடந்த வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து நீங்குவதால், மேற்பரப்பை மட்டும் படிக்கும் கருவி உள்ளதைவிடக் கூடுதலான வெள்ளியைக் காட்டும். கருவியின் முடிவை நம்புவதற்குமுன் அது எதை அளக்கிறது என்று கேட்பதே ஆய்வு.

பேழையிட்டுத் தரம் பிரிப்பதால் போலிகள் குறைகின்றன, வாங்குவோர் காக்கப்படுகின்றனர் என்பர். இதில் உண்மை உண்டு. வாங்குவோருக்கு அது காப்பு. ஆய்வாளருக்கு அது பூட்டு. பேழையைத் திறவாமல் காசை நிறுக்க இயலாது, ஒப்படர்த்தி காண இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காசு எந்த மண்ணிலிருந்து, எவற்றோடு சேர்ந்து வந்தது என்பதைப் பேழையின் எண் கூறாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அறிவிக்கப்படாத புதையல் பிரிந்து, உயர்ந்தவை பேழைக்கும் தேய்ந்தவை உருக்குலைக்கும் போகையில், அழிவது ஒரு காசன்று. ஓர் ஆவணக் காப்பகம்.

ஆகவே ஆய்வேட்டில் காசு இடம்பெறுமாயின் அதன் எடை, விட்டம், தடிப்பு, அச்சுகளின் திசை, விளிம்பின் தன்மை, இருபுறப் படங்கள், கிடைத்த இடம், கைமாறிய வழி ஆகியன பதிவாக வேண்டும். கிடைத்த இடம் தெரியாதெனில் தெரியாது என்றே எழுத வேண்டும். வணிகர் இட்ட எண்ணுக்கு அடிக்குறிப்பில் இடம் உண்டு; முடிவுரையில் இல்லை. நகபானனின் முகத்தின்மேல் விழுந்த அடியைச் சேதம் என்று படிப்பவர் காசு சேர்க்கலாம். அதை வரலாறு என்று படிப்பவரே நாணயவியலார்.