மின்விசிறி எந்த அறையில்?

கனடாவின் குளிர்காலத்தில், விறகடுப்பு உள்ள கூடம் புழுங்கும். படுக்கையறை சில்லிட்டுக் கிடக்கும். அடுப்பருகே மின்விசிறி வைத்து வெப்பக்காற்றைத் தள்ளுவது வீண் வேலை என்பேன். குளிர்காற்று அடர்த்தி மிக்கது, தரையோடு தங்குவது. படுக்கையறை வாசலில், தரையில், சிறிய விசிறியைக் கூடத்தை நோக்கி மெதுவாகச் சுழலவிட்டால் போதும். வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்ப, கதவின் மேற்பகுதி வழியே வெப்பக்காற்று தானே உள்ளே வரும். நம் மாணவர்கள் கடற்காற்றுப் பாடத்தில் படிக்கும் அதே சுழற்சிதான். இங்கே விசிறி கொஞ்சம் கைகொடுக்கிறது.

வெப்பம் மேலேறட்டும் என்று மாடித் தரையில் துளை போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தீப்பிடித்தால், உறங்குபவர்களிடம் புகை முதலில் போய்ச் சேரும் வழி அதுதான். போட்டே தீரவேண்டுமென்றால், சூடேறியதும் தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்பு மூடி அவசியம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி படுக்கையறைப் பக்கம் இருக்க வேண்டும்.