கட்டடத்துக்குக் கிடைக்கும் கொடை மாணவருக்குக் கிடைக்குமா? மைசூரு பல்கலைக்கழகம் எதிர்கொள்ளும் நிதிக் கேள்வி

மைசூரு: மைசூரு பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் உள்ள ஜெயலட்சுமி விலாஸ் மாளிகை 1905-ஆம் ஆண்டு மைசூரு இளவரசி ஜெயலட்சுமி அம்மண்ணிக்காகக் கட்டப்பட்டது. பின்னர் பல்கலைக்கழகத்தின் உடைமையாகி, நாட்டுப்புறவியல் அருங்காட்சியகமாக மாறியது. சிதிலமடைந்திருந்த அந்த மாளிகையை 2000-களில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பல்கலைக்கழகம் புதுப்பித்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே அதன் பகுதிகள் மீண்டும் பழுதடைந்தன. மேற்குப் பகுதியைச் சீரமைக்க அமெரிக்கத் தூதரின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியிலிருந்து உதவி வழங்கப்படும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது.

ஒரே கட்டடத்தைக் காக்க ஒரு தலைமுறைக்குள் இரு முறை வெளியார் உதவி தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு கொடைகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஓட்டை மாற்றவும், மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யவும் தேவைப்பட்ட சிறு தொகைகளுக்குக் கொடையாளர் எவரும் முன்வருவதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லாத செலவு அது. இந்திய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் நன்கொடைகளைப் பற்றிய எந்த விவாதமும் இந்த எளிய உண்மையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மைசூரு பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், திவான் எம்.விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் நிறுவப்பட்டது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் இதுவே. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இங்கே தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கில இலக்கியத்தில் புகழ்பெற்ற ஆர்.கே.நாராயண், அவருடைய தம்பியும் கேலிச்சித்திரக் கலைஞருமான ஆர்.கே.லட்சுமண் ஆகியோர் இதன் மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 1967-இல் பொறியியல் பட்டம் பெற்றதும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். கர்நாடக அரசியல் தலைவர் சித்தராமையாவும் இதன் பட்டதாரியே.

இத்தகைய முன்னாள் மாணவர் பட்டியல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாய்த்திருந்தால், அதற்கென ஒரு தனி அலுவலகமே இயங்கிக்கொண்டிருக்கும். இங்கே நிலைமை வேறு. 1964-இல் பெங்களூரு பல்கலைக்கழகமும், 1980-இல் மங்களூரு பல்கலைக்கழகமும் மைசூருவிலிருந்து பிரிந்தன. அண்மை ஆண்டுகளில் ஹாசன், மண்டியா, சாமராஜநகர் மாவட்டங்களுக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. இணைப்புக் கல்லூரிகள் பிரியும்போது அவற்றின் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் உடன் சென்றுவிடுகின்றன. ஓய்வூதியப் பொறுப்போ தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிடுகிறது. புதிதாகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடலாம் என்று 2025 பிப்ரவரியில் துணை முதலமைச்சர் டி.கே.சிவகுமார் தலைமையிலான அமைச்சரவைத் துணைக் குழு பரிந்துரைத்தபோது கூறப்பட்ட முதன்மைக் காரணம் நிதிப் பற்றாக்குறைதான். பிரித்ததால் தாய்க்கும் நட்டம். பிரிந்த பிள்ளைகளுக்கும் வாழ்வில்லை.

இந்த இடைவெளியை நன்கொடையால் நிரப்பலாம் என்பது உயர்கல்வி வட்டாரங்களில் அடிக்கடி கேட்கும் யோசனை. நாட்டில் கல்விக்கான பெருங்கொடைகள் பெருகியிருப்பதும் உண்மை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மருத்துவப் பள்ளி மற்றும் மருத்துவமனைக்காக சுஷ்மிதா-சுப்ரதோ பாக்சி இணையரும், ராதா-என்.எஸ்.பார்த்தசாரதி இணையரும் 2022-இல் கூட்டாக 425 கோடி ரூபாய் அறிவித்தனர். 2023-இல் நந்தன் நிலேகனி தாம் படித்த மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாய் வழங்கினார். 2024-இல் சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவரும், பெங்களூருவில் இயங்கும் இண்டோ-எம்ஐஎம் நிறுவனத்தைத் தொடங்கியவருமான கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் அளித்தார்.

இந்தப் பெயர்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. பணம் கர்நாடகத்தில் ஈட்டப்பட்டிருந்தாலும், அது சென்று சேர்வது மத்திய அரசின் உயர்நிலைக் கழகங்களுக்கே. ஐஐடியில் படித்தவர் ஐஐடிக்குத் தருகிறார். அதில் குறைகாண இடமில்லை. ஆனால், ஹெக்கடதேவன கோட்டையிலிருந்தோ கொள்ளேகாலத்திலிருந்தோ வந்து, அரசுக் கல்லூரியில் பி.ஏ. படிக்கும் மாணவிக்கு அத்தகைய முன்னாள் மாணவர்கள் இல்லை. அவருக்கு முன் படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள், வங்கிப் பணியாளர்கள். கொடை என்பது ஏற்கெனவே செல்வம் சேர்ந்த இடத்தை நோக்கியே நகர்கிறது. பற்றாக்குறை உள்ள இடத்துக்கு அது தானாக வந்துவிடும் என எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

கூட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இப்போக்கிற்கு விலக்கல்ல. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அப்பட்டியலில் உள்ளது. எனினும் நிறுவனங்கள் விரும்புவது ஓராண்டிலோ மூன்றாண்டிலோ முடித்துக்காட்டக்கூடிய பணிகளை. ஆய்வகம் ஒன்றைத் திறக்கலாம். அதில் பத்தாண்டுகள் பணிபுரியும் ஆய்வக உதவியாளரின் ஊதியத்தை அந்த நிதி ஏற்காது. 2022 அக்டோபரில் மைசூரு மகாராணி அறிவியல் கல்லூரியின் பாரம்பரியக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பழைய கட்டடங்களைப் பேணும் செலவு யாருடைய கணக்கில் வரும் என்ற கேள்வி அப்போதும் எழுந்தது.

வைப்புநிதி தேயும் கதை

பட்டமளிப்பு விழாவில் மைசூரு பல்கலைக்கழகம் வழங்கும் பதக்கங்களும் ரொக்கப் பரிசுகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பமோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ, மறைந்த மகளின் பெயரில் பணம் கட்டிய பெற்றோரோ இருப்பார்கள். தொகையை வங்கியில் வைப்பாக வைத்து, ஆண்டு வட்டியில் பரிசு வழங்குவது வழக்கம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் கொடையின் மிகப் பரவலான வடிவம் இதுவே.

இதன் பலவீனம் கணக்கில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் 5,000 ரூபாய் செலுத்தியிருந்தால், 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்குக் கிடைப்பது 350 ரூபாய். அன்று அது ஒரு மாணவரின் பல மாத உணவுச் செலவு. இன்று ஒரு பாடநூலுக்கும் போதாது. பத்து கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்துவிட்ட காலத்தில், தங்கப் பதக்கம் என்ற பெயரில் முலாம் பூசிய பதக்கங்கள் பல பல்கலைக்கழகங்களில் வழங்கப்படுவதற்கும் காரணம் இதுவே. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டால், 5 விழுக்காடு விலைவாசி உயர்வில் சுமார் 14 ஆண்டுகளில் முதலின் மதிப்பு பாதியாகிவிடும். வட்டியில் ஒரு பகுதியை மீண்டும் முதலோடு சேர்ப்பதுதான் இதற்கு மருந்து. ஆனால் அதைக் கொடைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தவர்கள் குறைவு.

பணம் தேயாமல் இருந்தும் பயன் நின்றுபோகக்கூடும் என்பதற்கு மைசூருவோடு தொடர்புடைய ஒரு தமிழ் எடுத்துக்காட்டே உண்டு. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் முதலில் மைசூருவில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில்தான் தொடங்கப்பட்டது. 2008-இல் அது சென்னைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டே அப்போதைய முதலமைச்சர் மு.கருணாநிதி தம் சொந்தப் பணம் ஒரு கோடி ரூபாயை வழங்கி, அதன் வருவாயிலிருந்து 10 லட்சம் ரூபாய் விருது அளிக்க அறக்கட்டளை நிறுவினார். முதல் விருது பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு 2010 கோவை செம்மொழி மாநாட்டில் வழங்கப்பட்டது. அதன்பின் விருது நின்றது. 2010 முதல் 2019 வரையிலான பத்து ஆண்டுகளுக்குரிய விருதுகள் 2022 ஜனவரியில்தான் ஒன்றாக வழங்கப்பட்டன. முதல் தொகை வங்கியில் இருந்தது, வட்டியும் வந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. கொடைக்குப் பணம் மட்டும் போதாது, ஆட்சி மாறினாலும் கூடி முடிவெடுக்கும் ஒரு குழுவும் தேவை என்பதைக் கொடையாளர்கள் முன்கூட்டியே எண்ணிப்பார்ப்பது நலம்.

வாரச் சாப்பாடும் விடுதியும்

மைசூருவில் மாணவருக்குச் செய்யும் உதவி அரண்மனையோடு நின்றதில்லை. கன்னட நாட்டில் 'வாரான்ன' என்றும், தஞ்சைப் பகுதியில் வாரச் சாப்பாடு என்றும் வழங்கிய ஏற்பாட்டின்படி, ஏழை மாணவர் ஒருவர் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் உண்பார். இவ்வாறு படித்து உயர்ந்தவர்கள் பலர். ஆயினும் அந்த வீட்டுத் திண்ணைகள் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை. மற்றச் சமூகத்தினர் தத்தமக்கென விடுதிகளை அமைத்துக்கொண்டார்கள். பிற்படுத்தப்பட்டோரின் கல்வி, வேலைவாய்ப்பு குறித்து ஆராய மில்லர் குழு 1918-இல் அமைக்கப்பட்ட சமஸ்தானம் இது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுத்தூர் மடம் ஏழை மாணவர்களுக்காக மைசூருவில் நடத்திய விடுதியிலிருந்தே ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் வளர்ந்தது. 1954-இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பின் கீழ் இன்று மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் இயங்குகின்றன. உணவும் தங்குமிடமும் கொடுத்தால் படிப்பு தானே நடக்கும் என்ற பழைய கணிப்பு பொய்க்கவில்லை. அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் குறைவு. மாணவரைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் அறை வாடகையும், பேருந்துக் கட்டணமும், வீட்டுக்கு அனுப்ப முடியாத சம்பளமும்தான்.

அவ்வகையில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை தொடங்கியுள்ள உதவித்தொகை கவனத்துக்குரியது. அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. இந்தச் செலவுக்குத்தான் என்ற நிபந்தனை இல்லாத பணத்தை மாணவி தன் தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. தமிழ்நாட்டில் நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை பணத்தோடு வழிகாட்டலையும் சேர்த்து அளிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. எது சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இரண்டுமே கட்டடத்தை விட்டு மாணவரைப் பார்க்கின்றன.

சிறு கொடையாளர்களின் வலிமையைத் தமிழர்கள் அண்மையில் கண்டிருக்கிறார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலர் 2018-இல் நிறைவடைந்தது. அதில் தமிழ்நாடு அரசின் பங்கு 10 கோடி ரூபாய். டொரன்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கான 30 லட்சம் டாலர் இலக்கு 2021-இல் எட்டப்பட்டது. பெருஞ்செல்வர் சிலரோடு, ஐம்பதும் நூறுமாகக் கொடுத்த பல்லாயிரம் பேர் அதில் இருந்தனர். ஆனால் இதே ஊக்கம் உள்ளூர் அரசுக் கல்லூரிக்கு ஏன் எழுவதில்லை என்ற கேள்வி சங்கடமானது. 5,000 கோடி டாலருக்கும் மேல் நிதி வைத்திருக்கும் ஹார்வர்டுக்குத் தமிழர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததை அன்றே சிலர் விமர்சித்தனர். ஹார்வர்டு ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது என்பதும், கொடுத்த நோக்கத்துக்கு மாறாகச் செலவிடாது என்ற நம்பிக்கையும் அதற்குப் பதிலாகச் சொல்லப்படலாம். இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்த நம்பிக்கையை இன்னும் ஈட்டியாக வேண்டும்.

வரிச் சட்டமும் சிறு கொடையாளருக்கு உதவும் நிலையில் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடைக்கு அளித்துவந்த கழிவு, புதிய வரி முறையைத் தேர்வோருக்குக் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறையாக்கப்பட்டதால், மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பகுதியினர் கழிவுக்கு வெளியே நகர்கின்றனர். 10,000 ரூபாய் கொடுக்க நினைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இனி ரசீது மட்டுமே மிஞ்சும்.

நன்கொடையால் எழுந்த பல்கலைக்கழகமும் அரசின் துணையின்றி நிலைப்பது எளிதன்று. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 20 லட்சம் ரூபாயும் தம் கல்லூரிகளையும் அளித்ததால் 1929-இல் உருவானது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அக்காலத்தில் தனியொருவர் கல்விக்கு அளித்த மிகப் பெரிய கொடைகளுள் அது ஒன்று. 84 ஆண்டுகளுக்குப் பின், 2013-இல், ஊதியம் கொடுக்க முடியாத அளவு நிதி நெருக்கடி ஏற்பட்டு, தனிச் சட்டம் இயற்றித் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. கூடுதலாக இருந்த பணியாளர்கள் மாநிலத்தின் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். மைசூருவிலும் ஊதியமும் ஓய்வூதியமும் மாநில வரவு-செலவுத் திட்டத்திலிருந்தே வந்தாக வேண்டும். அவற்றை அரசு ஏற்றுக்கொண்டால், முன்னாள் மாணவர்களிடம் விடுதி உணவுக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் பல்கலைக்கழகம் கைநீட்டலாம்.