ஒரே கரணை, ஒரே பிடிவாதம்

சிங்கப்பெருமாள் கோயிலின் செம்மண் சரளைக்கும் செய்யூரின் உவர் மண்ணுக்கும் ஒரே கரணை, ஒரே விதைப் பொட்டலம் என்ற தீவனத் திட்டத்தின் முடிவு இந்த முறையும் மாறவில்லை. தீவனப் பற்றாக்குறையைத் தீர்க்கிறோம் என்கிறார்கள். தீர்ந்ததா என்பதை ஆடு மேய்ப்பவரிடம் கேட்டாலே போதும்.

வழங்கும் கரணை கம்பு நேப்பியர். அதை நாம் குறை சொல்லவில்லை. 2008இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு நல்ல புல். ஆனால் அது கம்பையும் நேப்பியரையும் கலந்து பிறந்த ஒட்டு. முளைக்கும் விதை அதற்குக் கிடையாது. கரணை வெட்டி நட்டே பெருக்க வேண்டும். மாவட்டம் முழுக்க நட்டாலும் மரபளவில் அது ஒரே செடிதான். விதை இல்லையென்றால் தலைமுறை இல்லை, தலைமுறை இல்லையென்றால் தேர்வு இல்லை. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் காய்ந்துபோனதிலிருந்து அது எதையும் கற்காது. அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே போலக் காயும்.

விதை போடும் மேய்ச்சல் பயிர்கள் இப்படியல்ல. குளிர்நாடுகளின் மேய்ச்சல் நிலத்தில் பரவிக் கிடக்கும் வெள்ளை குளோவரைப் பாருங்கள். கடிபட்டால் மரவள்ளியைப் போலச் சயனைடு வெளியிடும் செடிகளும், வெளியிடாத செடிகளும் அதில் கலந்தே இருக்கின்றன. கடுங்குளிர் உள்ள இடங்களில் வெளியிடாதவை மிகுதி. மிதமான இடங்களில் வெளியிடுபவை மிகுதி. 26 நாடுகளின் 160 நகரங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, நகரத்துக்கும் அதைச் சுற்றிய கிராமத்துக்கும் இடையிலேயே இந்த விகிதம் பல இடங்களில் மாறுவதைக் காட்டியது. அறுகம்புல்லும் அப்படித்தான். பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் வளரும் அறுகு, நல்ல மண்ணில் வளரும் அறுகைவிட உப்பை நன்றாகத் தாங்குகிறது. அந்தந்த மண் தனக்கேற்ற செடியைத் தானே பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. நம் மேட்டு நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் கடலோர அறுகுக்கும் மட்டும் அந்தத் தகுதி இல்லையா?

வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளிக் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது கால்நடை ஆராய்ச்சி நிலையம். இந்த வட்டாரத்துச் செம்மறியான மெட்ராஸ் சிவப்பு அங்கே ஆராயப்பட்டது. ஆட்டுக்கு ஊர் உண்டு, இனம் உண்டு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அந்த ஆடு தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்லுக்கு மட்டும் ஊரும் இல்லை, பேரும் இல்லை.

இந்த அலட்சியம் புதிதல்ல. விறகுப் பஞ்சம் தீரும் என்று சீமைக் கருவேல விதையை ஊரூராகத் தூவியதும் இதே மனப்போக்குதான். ஏரிகளை அது விழுங்கிய பிறகு, வெட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. தூவியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். மணல் மேட்டைப் பிடித்துவைத்திருந்த இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் களையென்று கழிக்கப்பட்டன. கலப்பின மாட்டைக் கொண்டுவந்தபோதும் வெயிலைப் பற்றிப் போதிய அளவு யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியூர் விடை, உள்ளூர்ச் செலவு.

இதற்கிடையே, கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் நிலங்கள் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் மனைக்கும் கரைகின்றன. நிலத்தோடு அங்கே பல தலைமுறையாகத் தேறி நின்ற விதையும் போகிறது. நிலத்துக்கு மாற்று நிலம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். அந்த விதைக்கு மாற்று எந்தக் கிடங்கிலும் இல்லை.

உள்ளூர்ப் புல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் ஒரு கொள்கை இனியாவது வர வேண்டும். மண்ணைப் பார்த்து, மேய்ப்பவரைக் கேட்டு, பிறகு விதையைத் தீர்மானியுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் கரணை வழங்கும் விழா நடத்தாமல் இருந்தாலே மேய்ச்சல் நிலத்துக்குப் பாதி உபகாரம்.