நெரிசலுக்கும் கணக்கு வேண்டும்

கைப்பேசியில் கோடுகள் முழுசாக நிற்கின்றன. பிள்ளையின் பாடக் காணொளியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. “லைன் இருக்கு, ஆனா ஓடல” என்பது சுங்கை பெசாரிலும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் பெற்றோர் சொல்லும் குறை. சிக்னல் கிடைப்பது வேறு, சேவை கிடைப்பது வேறு. முன்னதை மட்டும் கணக்கெடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பது அநீதி.

ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதில் இணைந்த அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கூட்டம் கூடினால் பங்கு குறையும். நகரத்தில் இதற்கு வழி உண்டு: நெரிசலான கோபுரத்தின் எல்லையை வலையமைப்பே சுருக்கி, ஓரத்தில் உள்ள கைப்பேசிகளை ஓய்வாக இருக்கும் பக்கத்துக் கோபுரத்துக்கு மாற்றிவிடும். செம்பனைகளுக்கு நடுவே லயத்துக்கு எட்டுவதே ஒரு கோபுரம்தான் என்றால் யாரிடம் மாற்றுவது? தீபாவளிக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும்போதும், செகிஞ்சான் வயல் பார்க்க வார இறுதியில் நகரத்தார் திரளும்போதும் பாரம் முழுவதும் இருக்கிற ஓரிரு கோபுரங்களின் தலையில்தான்.

2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரவலை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9க்கு உயர்த்தவும், சராசரி வேகத்தை 35 எம்பிபிஎஸ் ஆக்கவும் இலக்கு வைத்தது. கோபுரங்கள் எழுந்தன; பாராட்டுகிறோம். ஆனால் பரவல் கணக்கு மாலை நேர நெரிசலைச் சொல்லாது. சராசரியிலோ தோட்டத்து வீடு காணாமலே போய்விடும்.

சுமையைக் கூட்டாகத் தாங்க முடியாது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சொல்ல இயலாது. 2021இல் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனத்தை அமைத்து, 5ஜிக்குப் பல நிறுவனங்களையும் ஒரே வலையமைப்பைப் பகிர வைத்தது இந்நாடு. அந்த மனம் தோட்டங்களுக்கும் வரட்டும். ஒரு நிறுவனத்தின் கோபுரம் திணறும் இடத்தில் அதன் வாடிக்கையாளரை மற்றொன்றின் கோபுரம் ஏற்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்தின் உச்ச நேரச் சுமையையும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிட வேண்டும். உரிம நிறுவனங்கள் எடையிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காடு செலுத்தும் பொதுச்சேவை நிதி, கோபுரமே இல்லாத ஊருக்கு மட்டுமன்றி, ஒன்றே போதாத ஊருக்கும் செலவாக வேண்டும்.

நகரத்தார் கட்டும் அதே ரிங்கிட்டைத்தான் தோட்டத்தாரும் கட்டுகிறார். முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அரைச் சேவை தருவது தவறு. அதைத் தெரிந்தும் அளக்காமல் இருந்தால், அந்தத் தவறில் ஆணையத்துக்கும் பங்குண்டு.