இரட்டை உறவு யாருக்கு இருக்கிறது?

நான் களப்பணியாளராக இருந்த தொண்டு நிறுவனத்தில் ஒரு புகாரிலிருந்து என்னை விலக்கினார்கள். எங்கள் சேரிப் பையன் ஊர்த்தெரு வழியாக பைக் ஓட்டிப் போனதற்காக அடிவாங்கிய புகார் அது. அவனுடைய அம்மா எனக்கு அத்தை முறை. "பாதிக்கப்பட்டவங்க உனக்குச் சொந்தம். இது டூயல் ரிலேஷன்ஷிப். நீ உணர்ச்சிவசப்படுவ" என்றார் ஒருங்கிணைப்பாளர். சமூகப்பணி வகுப்பில் நானும் படித்த பாடம்தான். வாயை மூடிக்கொண்டு ஃபைலை ஒப்படைத்தேன்.

எனக்குப் பதிலாக வந்தவர் அடித்தவர்களின் சாதி. அதில் ஒருவருக்கு மச்சான் முறையும்கூட. விசாரிக்கப் போன அன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். அத்தை தண்ணீர் கொடுத்தபோது, "வேணாம்மா, எங்க ஆபீஸ்ல ரூல் இருக்கு" என்றார். மூன்றாவது வாரம் 'ஊர் ஒற்றுமை'க்காகச் சமரசம் பேசி முடித்தார்கள். வழக்கே பதிவாகவில்லை. அந்த மச்சான் உறவுக்கு மட்டும் இரட்டை உறவு என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இதுதான் என் கேள்வி. சேரிக்காரனின் சொந்தம் என்றால் அது சார்பு. ஊர்க்காரனின் சொந்தம் என்றால் அது அனுபவம், 'லோக்கல் செல்வாக்கு'. இந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகம் எழுதியது?

உண்மையில் புத்தகத்தில் அப்படி இல்லை. நம் கல்லூரிகள் மேற்கோள் காட்டும் அமெரிக்க சமூகப்பணியாளர் தேசியச் சங்கத்தின் நெறிமுறையை எடுத்துப் பாருங்கள். இரட்டை உறவு எல்லாமே தவறு என்று அது சொல்லவில்லை. உதவி கேட்டு வந்தவர் சுரண்டப்படவோ பாதிக்கப்படவோ வாய்ப்பிருந்தால் தவிர்க்கச் சொல்கிறது. தவிர்க்க முடியாதபோது அவரைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பணியாளர் மேல் வைக்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கிராமத்தில் உறவைத் தவிர்க்க முடியாது. யாருக்கு ஆபத்து என்பதைத்தான் பார்க்க முடியும்.

இது பழைய சண்டை. 1932-இல் தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கியபோது, பணியாளர்களைத் தீண்டப்படாதவர்களிலிருந்தே எடுங்கள், அவர்களுக்கே இந்தப் பணி மீது அன்பு இருக்கும் என்று அம்பேத்கர் தக்கர் பாபாவுக்குக் கடிதம் எழுதினார். காந்தியார் தரப்பு அதை ஏற்கவில்லை. சங்கத்தின் நிர்வாகம் சாதி இந்துக்கள் கையில்தான் இருந்தது. 'நீ நெருங்கியவன், அதனால் தகுதியில்லை' என்று இன்றும் நம்மிடம் சொல்வது அதே குரல்தான்.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப்பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. உதவி செய்பவரின் சலுகை அல்ல. ஆனால் என்னை விலக்கியபோதும் அவரை அனுப்பியபோதும், "உங்களுக்கு யார் வேணும்?" என்று அத்தையிடம் யாருமே கேட்கவில்லை.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குடும்ப வன்முறைப் புகாரோடு வந்த ஓர் அக்காவுக்கு என் கையிலிருந்து 2,000 ரூபாய் கடன் கொடுத்தேன். திருப்பித் தர முடியவில்லை என்ற வெட்கத்தில் அவர் அலுவலகம் பக்கமே வரவில்லை. அவர் புகார் பாதியில் நின்றது. ஒரே தெருவில் பிறந்திருந்தாலும் ஃபைல் என் கையில் இருக்கும்வரை அதிகாரமும் என் கையில்தான் இருந்தது. அதை நான் மறந்தேன். அந்தத் தவறு என்னுடையது.

சமூகப்பணி படிக்கும் தோழர்களே, உங்கள் நிறுவனத்தில் மூன்றைக் கேளுங்கள். புகாரின் இரு தரப்போடும் தனக்குள்ள சாதி, சொந்தம், கடன், நிலத் தொடர்பை ஒவ்வொரு பணியாளரும் முதல் நாளே எழுதித் தரட்டும். பாதிக்கப்பட்டவரிடம் அதைச் சொல்லி, யார் வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும். ஃபைலில் உள்ளது டீக்கடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகாமல் இருக்கட்டும்.

சேரியில் தண்ணீர் குடிக்கத் தடை போடும் விதிக்குத் தொழில் நெறி என்று பெயர் வைக்காதீர்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.