குருகடனும் புதுவழியும்

குருவிடம் நன்றியுள்ள சீடன் அவர் கொடுத்த பாடாந்தரத்தில் ஒரு சங்கதியைக்கூட மாற்றமாட்டான் என்பது தஞ்சை இசை, நாட்டிய உலகில் ஊறிப்போன நம்பிக்கை. மாற்றுகிறவன் நன்றி மறந்தவன், பழகிய தடத்தை விட்டு விலகுவது குருத்துரோகம் என்று அது மேலும் நீளும். இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இதையே தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். புதிதாக எதையாவது படைக்க வேண்டுமானால் பழைய கடன்களை உதறிவிட்டு வெளியே வா என்பது அவர்கள் உபதேசம். ஒருவரை ஒருவர் மறுப்பதுபோலத் தோன்றும் இந்த இரு தரப்பாருக்கும் அடிப்படையில் உடன்பாடுதான்: நன்றியும் துணிவும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியாது என்று இருவருமே நம்புகிறார்கள். காவிரிப் படுகையின் கடந்த இரு நூற்றாண்டு வரலாறு இந்த நம்பிக்கைக்கு எதிர்சாட்சி. அந்த வரலாற்றின் காவலர்கள் என்று சொல்லிக்கொள்வோரே அதைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதுதான் வேடிக்கை.

தஞ்சையில் சிவகங்கைக் குளத்தின் அருகே உள்ள தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஒருவரின் கையை மராட்டிய அரசர் பற்றியிருக்கிறார். படுக்கையில் இருப்பவர் பிரஷ்யாவிலிருந்து 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சுவார்ட்ஸ். கையைப் பற்றியிருப்பவர் இரண்டாம் சரபோஜி. தத்துப் பிள்ளையான சரபோஜிக்கு அரண்மனையில் ஆபத்து சூழ்ந்த காலத்தில் காவலாக நின்று, கல்விக்கு வழிசெய்து, அரியணை உரிமைக்காக வாதாடியவர் சுவார்ட்ஸ். அவர் 1798 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரசரானார். நன்றிக்கடனைத் தீர்க்க அவர் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் நினைவுச் சிற்பம் செய்யச் சொன்னார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் இயற்றினார். மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், தமக்கு அந்நியமான மொழியில், தமக்கு அந்நியமான யாப்பில் துணிந்து எழுதியது ஒரு குருவுக்கு நன்றி சொல்லத்தான். ஆனால் குருவின் மதத்தை அவர் ஏற்கவில்லை. கடைசி வரை தம் குலத்தின் வழிபாட்டிலேயே இருந்தார். குருவிடம் பெற்றது கற்கும் ஆசை. அது சரசுவதி மகால் நூலகத்துக்குச் சுவடிகளும் அச்சுநூல்களும் திரட்டுவதிலும், தன்வந்திரி மகாலில் மருந்துகளைச் சோதிப்பதிலும், 1805-இல் தேவநாகரி அச்சுக்கூடம் நிறுவுவதிலும் போய் நின்றது. நகலெடுப்பதுதான் நன்றி என்றால் சரபோஜி நன்றி கெட்டவர் ஆகிவிடுவார்.

இசையில் இதற்கான சாட்சி இன்னும் அழுத்தமானது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில், மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பியர் வாசித்த வயலினைக் கற்றார். கோட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இன்று நோட்டுசுவரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவைதாம். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் மெட்டு அம்பாள் துதியாக மாறியதும் அந்த வரிசையில்தான். சம்பிரதாயத்தின் சிகரம் என்று கொண்டாடப்படும் குடும்பம் அது.

அந்தத் தீட்சிதரிடம் பயின்றவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர். தஞ்சை நால்வர் என்றால் நாட்டிய உலகில் விளக்கம் வேண்டியதில்லை. குருவுக்குக் காணிக்கையாக அவர்கள் செய்தது நவரத்தினமாலை என்னும் ஒன்பது கீர்த்தனைகள். குரு பாடியதைத் திரும்பப் பாடிக் காட்டி அவர்கள் கடன் தீர்க்கவில்லை. குரு கேட்டிராத பாட்டுகளை இயற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் பெரிது. கோயிலிலும் அரண்மனையிலும் தனித்தனியாக ஆடப்பட்ட உருப்படிகளை அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு கச்சேரிக்கு ஏற்ற வரிசையில் அடுக்கினார்கள். இன்று பரதநாட்டியத்தின் மார்க்கம் என்று சொல்லப்படுவது இந்த அடுக்குதான். தொன்றுதொட்டு வந்தது என்று பக்தியோடு காக்கப்படும் அந்த வரிசை 19-ஆம் நூற்றாண்டின் புதுமை.

நால்வரில் பாலுசுவாமியைப் போல வயலினைக் கையில் எடுத்தவர் வடிவேலு; அவர் அதைத் தேர்ந்த காரணத்தையும் கவனிக்க வேண்டும். ஆர்மோனியத்தைப் போல அதில் சுரங்கள் கட்டையில் அடைபட்டிருப்பதில்லை. வீணைக்குள்ள மேளப்படிகளும் அதன் கழுத்தில் இல்லை. ஆகவே விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம்; கமகம் தடையில்லாமல் வரும். வில் நாதத்தை அறுக்காமல் நீட்டிப் பிடிக்கும். பாடகரின் மூச்சோடு கூடவே ஓடும். இத்தனையும் தெரிந்தவரால்தான் அந்தக் கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் சாய்த்து, தந்திகளைச் சட்ஜம், பஞ்சமம், மறுபடி சட்ஜம், பஞ்சமம் என்று சுருதி கூட்டி வாசிக்க முடிந்தது. அதாவது, குருவிடம் பெற்றது என்ன, அதற்கு எது தேவை என்று நுணுக்கமாக உணர்ந்திருந்ததால்தான் கடல் தாண்டி வந்த பொருள்களுள் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தது. பெற்றதை மதிக்காதவனுக்கு இந்தத் தேர்வு கைவராது. அவன் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவான். வடிவேலு பின்னர் தஞ்சையை விட்டுத் திருவனந்தபுரம் சென்றார். 1834-இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். அண்ணன் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார். ஊரை விட்டும் கருவியை மாற்றியும் சென்ற இவர்களைத் தஞ்சைப் பாணியின் மூலவர்கள் என்று வணங்குகிறவர்கள், தம் மாணவன் ஒரு கிட்டாரைத் தொட்டால் முகம் சுளிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இங்கே எதிர்த்தரப்பு தியாகராஜரைக் கொண்டுவந்து நிறுத்தும். அரசவை அழைப்பை மறுத்துத் திருவையாற்றிலேயே இருந்தவர் அல்லவா என்பார்கள். இருந்த இடம் திருவையாறுதான். இசையில் அவர் இருந்த இடத்தில் இருக்கவில்லை. பாட்டின் ஒரு வரியைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு போகும் சங்கதி முறை முழு வளர்ச்சி பெற்றது அவரிடம்தான். அதுவரை உருப்படியே இல்லாத ராகங்கள் பலவற்றில் முதல் கீர்த்தனை அவருடையது; கரகரப்பிரியாவைக் கச்சேரி ராகமாக நிலைநிறுத்தியவர் அவரே. பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என்று இசை நாடகங்களும் செய்தார். அவருடைய ஆசான் சொண்டி வெங்கடரமணய்யா அரண்மனை வித்துவான். சீடர் அந்த அரண்மனை வாழ்வையே வேண்டாம் என்றவர். சங்கதி மாறக்கூடாது என்று சொல்கிறவர்கள், சங்கதிகளை இப்படிப் பெருக்கியவரின் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள்.

சம்பிரதாயத்துக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக் காட்டும் நூல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான அந்த நூலே ஒரு மீறல்தான். வாய்மொழியாகக் குரு சீடருக்கு மட்டும் கொடுத்து வந்ததைச் சுரக் குறிப்போடும் கமக அடையாளங்களோடும் ஊரறிய அச்சிட்டார். அப்படி அச்சிட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் ஐரோப்பிய முறையில் கர்நாடக இசையை எழுதிக் காட்டிய சின்னசாமி முதலியார் என்ற கிறித்தவர். முன்னோர் சொத்து அழியக்கூடாது என்ற கவலைதான் அந்த மீறலுக்குக் காரணம்.

நாகசுரத்துக்கு வந்தால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் காலம் வரை பெருவழக்கில் இருந்தது திமிரி: குட்டையான, உச்சச் சுருதிக் கருவி. சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க அது தோதானது. ஆனால் சுத்த மத்திமத்தை அதில் உதட்டாலும் மூச்சாலும் சமாளித்துத்தான் எடுக்க வேண்டும். ராஜரத்தினம் பெயரோடு ஒட்டிக்கொண்ட தோடிக்குரிய மத்திமம் அதுதான். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த நீளமான பாரி நாகசுரம் சுருதியைக் கீழே இறக்கியது, மத்திமத்தைத் துளையிலேயே கொடுத்தது. சாவகாசமாக ராகம் விரிக்க ஏற்ற கருவியாக நாகசுரம் ஆனது இதனால்தான். ராஜரத்தினம் ஒன்றும் அடக்கத்தின் திருவுருவம் இல்லை. தம் வித்தையின் மதிப்பு தெரிந்து நடந்தவர். ஆனாலும் தலைமுறைகள் கொடுத்த வாசிப்பு முழுமையாக வெளிப்பட வேண்டும் என்ற வேட்கை இல்லாமல் அந்தக் கருவி பிறந்திருக்காது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரம்பரியப் பொருள் என்று இன்று சான்றிதழ் பெற்றிருப்பது, ஒருவர் பாரம்பரியத்தை மாற்றியதன் விளைவு.

வயலும் இதற்கு விலக்கில்லை. பாட்டன் விதைத்ததையே விதைப்பதுதான் மண்ணுக்கு நன்றி என்ற பேச்சு டெல்டாவிலும் உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 வெளிவந்தபோது குறுவைப் பட்டத்தில் அதை வாங்கி நட்டவர்கள் தஞ்சை மிராசுதார்களும் குத்தகைக்காரர்களும்தான். அதற்காக அவர்கள் பொங்கல் வைக்காமல் போகவில்லை. இந்த ஓட்டத்தில் மறைந்துபோன பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்த திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன், 2018-இல் மறையும் முன் 174 ரகங்களை மீட்டிருந்தார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் அவர் வைத்த நிபந்தனை இது: இரண்டு கிலோ விதை வாங்குகிறவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கியதை அப்படியே பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதால் அந்தக் கடன் தீராது. தன் மண்ணில், தன் தண்ணீரில், தோற்கவும் கூடிய ஒரு போகத்தில் இறங்கி விளைவித்தால்தான் தீரும்.

நன்றியுணர்வு மனிதரைச் சோம்பேறியாக்கும் என்ற சுயமுன்னேற்றக் கவலைக்கும் ஆதாரம் போதாது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவந்த மாணவர்கள் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிட அதிக நேரம் உடற்பயிற்சி செய்ததாகச் சொன்னார்கள். அது படைப்பைப் பற்றிய ஆய்வு அல்ல. அதைக் காட்டிப் புத்தகம் விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நன்றி சொன்னவன் கைகட்டி உட்கார்ந்துவிடுகிறான் என்பதற்கு அது சான்று தரவில்லை என்பது மட்டும் உறுதி.

பாடாந்தரம் மாறக்கூடாது என்ற பழைய நம்பிக்கையின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பெற்ற இடத்தை மறைத்துவிட்டுப் புதுமை என்று விற்பவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் வரும் கோபம் சரியானதே. ஆனால் அந்தக் கோபம் குறி தவறுகிறது. மாற்றாமல் காத்தவர்களே நன்றியுள்ளவர்கள் என்றால், திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையின் கதையை எப்படிப் படிப்பது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து சண்டையிட்டார்கள். சமாதி சீரழிந்து கிடந்தது. இரு கட்சியும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: பெண்கள் அங்கே பாடக்கூடாது. மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த தேவதாசி மரபினரான பெங்களூர் நாகரத்தினம்மா தம் நகைகளையும் சேமிப்பையும் போட்டு அந்த இடத்தில் கோயில் எழுப்பினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவருக்கே பாட இடமில்லை. அவர் பணிந்து ஒதுங்கவில்லை; தேவதாசிகளைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் தனியாகப் பாடும் மூன்றாவது கட்சி ஒன்றை உண்டாக்கினார். 1940-இல் சமரசம் ஏற்பட்டு, அடுத்த ஆண்டு எல்லோரும் சேர்ந்து ஆராதனை நடத்தினார்கள். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் கூடிப் பாடும் இன்றைய வழக்கம் அந்த இணைப்புக்குப் பின் நிலைபெற்றது. ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக் கைகூப்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் வயது தெரியும்?

அதே நாகரத்தினம்மாதான், தஞ்சை அரசர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவியின் ராதிகா சாந்துவனத்தை, முந்தைய பதிப்பில் வெட்டப்பட்ட பகுதிகளைத் தேடிச் சேர்த்து 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தவர். ஆபாசம் என்று அரசு தடை விதித்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. வெட்டிப் பதிப்பித்தவர் ஒழுக்கத்தைக் காத்ததாக நினைத்திருப்பார். முத்துப்பழனிக்குரிய கடனைச் செலுத்தியவர் வழக்குக்கும் வசைக்கும் அஞ்சாத பதிப்பாசிரியர்தான்.

நாட்டியத்தில் உண்மையான நன்றிகேடு எங்கே நிகழ்ந்தது என்பதையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். 1930-களுக்குப் பிறகு சதிர் நகர மேடைக்குப் போய்ப் பரதநாட்டியம் ஆனபோது, நால்வரின் வர்ணங்கள் பெரும்பாலும் மாற்றமில்லாமலே போயின. அடவும் ஜதியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பல மேடைகளில் விடுபட்டவை நட்டுவனார்களின் பெயரும், அந்த ஆட்டத்தைத் தலைமுறைகளாகச் சுமந்த பெண்களின் பெயரும்தான். துல்லியமான நகலும் முழுமையான மறதியும் கைகோத்து நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே மாணவி ஜதியை மாற்றினாளா என்று நோட்டம் பார்க்கும் முன்வரிசை ரசிகர்கள், நிகழ்ச்சி நிரலில் வர்ணத்தின் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும் இடத்தில் பொன்னையா பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.